மவுண்ட் வேவர்லி வரைக்கும்தான்

(மல்கிரேவ் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெண்கள் மீதான வன்முறை பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பென்றால் நாங்கள் வழக்கமாக ஊருக்குப் போய்விடுவோம். நான் இன்றைக்கு அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. இங்கிருந்து கார் எடுத்தால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வரும் மவுண்ட் வேவர்லி வரைக்கும்தான்.

அங்கே ஒரு தமிழ் வீட்டில், 2007 முதல் 2015 வரை, தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு பாட்டி அடிமையாக வைக்கப்பட்டிருந்தார். 'அடிமை' என்பது நான் கூட்டிச் சொல்கிற சொல் இல்லை, சட்டத்தின் சொல். சமையல், துப்புரவு, மூன்று பிள்ளைகளைப் பார்ப்பது எல்லாம் அவர்தான். கிடைத்த காசு நாளுக்கு நான்கு டாலர்கூட இல்லை. 2015 ஜூலையில் ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைக் குளியலறைத் தரையில் கண்டபோது எடை ஏறக்குறைய 40 கிலோ. ஆஸ்பத்திரியில் அவரைப் பொய்ப் பெயரில் பதிந்திருந்தார்கள். 2021 ஜூலை 21 அன்று விக்டோரியா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஜான் சாம்பியன் மனைவிக்கு எட்டு வருஷமும் கணவனுக்கு ஆறு வருஷமும் சிறைத் தண்டனை கொடுத்தார்.

இதற்கு ஆறு நாள் முன்னம், ஜூலை 15 அன்று, கொழும்பில் ஹிஷாலினி இறந்தார். டயகம தோட்டத்துப் பிள்ளை, வயது 16. அரசியல்வாதி ஒருவரின் வீட்டில் வேலைக்கு இருந்தவர், தீக்காயங்களோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டவர். என் ஃபோனில் இருந்த தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் பிள்ளையின் படம் நாள் முழுக்க வந்துகொண்டிருந்தது. வரத்தான் வேணும். மவுண்ட் வேவர்லி தீர்ப்பை ஒரே ஒருவர் பகிர்ந்தார். அதற்குக் கீழே வந்த பதில்: "இதையெல்லாம் பரப்பி எங்கட பேரை நாங்களே கெடுக்கிறதா?"

கொழும்பு வீட்டைப் பற்றிக் கோபப்பட எங்களுக்கு எந்தச் செலவும் இல்லை. பக்கத்து சபர்ப் வீடு என்றால் அப்படியில்லை. அந்த வீட்டுக்கு எட்டு வருஷமாக விருந்தாளியே வராமலா இருந்திருக்கும்? அவர் சமைத்ததை யாரும் சாப்பிடாமலா இருந்திருப்பார்கள்?

நான் இங்கே பிறந்தவள். மூத்தவர்களை 'நீங்கள்' என்று கூப்பிட வேணும் என்பது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாடங்களில் ஒன்று. விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில்தான் அந்த விதிக்கு விலக்கு உண்டென்று கண்டேன். வீட்டுவேலைக்கு வந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். எட்டு வயதுப் பிள்ளை அவரை 'நீ, வா, போ' என்றது. ஒருவரும் திருத்தவில்லை. அவருடைய கோப்பை தனியாக ஜன்னலில் இருந்தது. ஆனால் கேட்டால் சொல்வார்கள், "எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி." எனக்கு இந்த 'மாதிரி'யில்தான் பயம். வீட்டு ஆளென்றால் சம்பளம் கேட்கக் கூடாது, வேலைக்காரியென்றால் மேசையில் இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் அவருக்கே நட்டம். சாதியும் வர்க்கமும் ஆணாதிக்கமும் தனித்தனியாக வருவதில்லை, ஒரே குசினியில்தான் நிற்கின்றன.

சட்டத்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. 2018ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனச் சட்டம் அறிக்கை கேட்பது வருஷத்துக்குப் பத்துக் கோடி டாலர் வருமானமுள்ள நிறுவனங்களிடம். குசினிக்குள் அது வராது. வீட்டுப் பணியாளர்களுக்கான 2011ஆம் ஆண்டின் ஐஎல்ஓ உடன்படிக்கையை ஆஸ்திரேலியா ஏற்கவில்லை, இந்தியாவும் ஏற்கவில்லை. ஒரு நல்ல விஷயம் உண்டு, இதை எல்லாரிடமும் சொல்லுங்கோ: விசா முடிந்தவருக்கும் சம்பள உரிமை உண்டென்று 2023இல் சட்டத்தில் தெளிவாக எழுதிவிட்டார்கள். 'பொலிசுக்குச் சொன்னால் உன்னைத்தான் பிடிப்பான்' என்கிற மிரட்டலுக்கு இது கொஞ்சமாவது பதில்.

ஆகவே ஒரு வீட்டில் 'உதவிக்கு' ஒருவர் நிற்பதைக் கண்டால், அவரோடேயே கதையுங்கோ. பாஸ்போர்ட் யாரிடம் இருக்கு, ஊருக்கு எப்ப கடைசியாகப் பேசினீங்க என்று கேளுங்கோ. 'நீங்க' என்றே கேளுங்கோ. வீட்டுக்காரருக்குக் கோபம் வரும், வரட்டும்.

இதையெல்லாம் ஒரு பக்க நோட்டீசாகத் தமிழில் அடித்தோம். எங்கள் அமைப்புகளில் ஒன்று, 'அடிமை' என்ற சொல்லை எடுத்தால் தங்கள் விழாவில் வைக்கலாம் என்றது. எடுக்கவில்லை. நோட்டீஸ் வாசல் மேசையில் கிடக்கு. போகும்போது நாலைந்து எடுத்துக்கொண்டு போங்கோ.