கடிதங்களின் தடத்தில் கான் சாஹிப்

(ஜமாஅத் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

மதுரை கான் சாஹிப் என்னும் முஹம்மது யூசுஃப் கானைப் பற்றி நாம் மிம்பரிலும் மேடையிலும் பலமுறை பேசியிருக்கிறோம். ஆங்கிலேயரை எதிர்த்துத் தூக்குமரம் ஏறியவர் என்று பேசினோம். அது உண்மையே. ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டுகளுக்கும் மேலான வாழ்வைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். அது நம்முடைய பிழை.

அப்பிழையை நமக்கு உணர்த்தியவை கடிதங்கள். கும்பினியாரின் சென்னைக் கோட்டைக்கு யூசுஃப் கான் எழுதியவையும், கோட்டையிலிருந்து அவருக்குச் சென்றவையும், அவரோடு இருந்த வெள்ளைத் தளபதிகள் எழுதியவையும் இராணுவ நடவடிக்கைக் குறிப்புகளில் பதிவாகியுள்ளன. அவற்றைத் துருவி எஸ்.சி. ஹில் என்பவர் 1914-ல் ஒரு நூலே எழுதினார்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இம்முறை புதிதன்று. ஒரு ராவி தம் ஆசிரியரைச் சந்தித்திருக்க முடியுமா என்று முஹத்திஸீன்கள் ஊரையும் ஆண்டையும் வைத்தே உரைத்துப் பார்த்தார்கள். ஹிம்ஸு நகரில் ஒருவர், காலித் பின் மஅதானை ஹிஜ்ரி 108-ல் அர்மீனியப் படையெடுப்பில் சந்தித்ததாகச் சொன்னபோது, அவர் 104-லேயே வஃபாத்தாகிவிட்டாரே என்று மடக்கினார்கள். கடிதமும் அவ்வாறே. எங்கிருந்து, எந்நாளில் எழுதப்பட்டது, எந்நாளில் சேர்ந்தது என்பவற்றைக் கோத்தால் ஒரு படையின் நடை தெரியும்.

அவ்வாறு கோத்துப் பார்த்தால், இராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்த இவர் 1752 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளிப் போரில் கும்பினிப் படைக்குத் தானிய வண்டிகளைக் காத்துக் கொண்டுசேர்க்கிறார். 1756-ல் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் அனுப்பப்படுகிறார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, தெற்கிலிருந்து படையோடு வடக்கே வந்து, கேப்டன் பிரெஸ்டனுடன் செங்கற்பட்டைத் தளமாகக் கொண்டு பிரெஞ்சுக்காரரின் உணவு வழிகளை அறுக்கிறார். 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. அதே ஆண்டில் மீண்டும் தென்சீமை செல்கிறார். அங்கே பூலித்தேவரோடு போர். வாசுதேவநல்லூரும் நெற்கட்டும்செவலும் அக்கணக்கில் வருகின்றன. இதையும் நாம் மறைக்கலாகாது. பூலித்தேவரின் மண்ணில் வாழும் சகோதரர்கள் இவரை எவ்வாறு நினைப்பார்கள் என்பதை எண்ணாமல் மேடையேறிப் பேசுதல் நியாயமன்று.

கடிதங்களை ஸனதுபோல் எடுத்துக்கொண்டாலும் ஓர் எச்சரிக்கை தேவை. எஜமானருக்கு எழுதும் பணியாளர் எல்லாவற்றையும் எழுதமாட்டார். நம் கைக்கு எட்டுவதும் சென்னையில் ஆங்கிலமாக்கப்பட்ட வடிவமே. ஆகவே அவர் இருந்த இடத்தைக் கடிதம் காட்டும். மனத்தைக் காட்டுமா என்றால், காட்டாது.

1762-ல் கடிதங்களின் தொனி மாறுகிறது. நவாப் முஹம்மது அலியின்முன் வந்து நிற்குமாறு பிறந்த உத்தரவுக்கு அவர் இணங்கவில்லை. 1763-ல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அதன்பின் அவர் எங்கும் செல்லவில்லை. சீமையெங்கும் அலைந்தவரின் தடம் ஒரு கோட்டைச் சுவருக்குள் அடங்கிவிட்டது. முற்றுகையிட வந்தவர்களுள் ஒருவர் அதே பிரெஸ்டன். செங்கற்பட்டில் தோளோடு தோள் நின்றவர், 1764-ல் மதுரைச் சுவரைத் தாக்கியபோது பட்ட காயத்தால் இறந்தார். இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அக்டோபர் 13 அன்று யூசுஃப் கானை அவருடைய ஆட்களே கட்டிப் பிடித்துக் கொடுத்தார்கள். தொழுகையில் இருந்தபோது பிடித்தார்கள் என்பது மக்கள் வழக்கு. 15-ஆம் தேதி, ஹிஜ்ரி 1178 ரபீஉல் ஆகிர் மாதத்தில், தூக்கிலிட்டார்கள். உடலைத் துண்டித்துப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள்.

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலத்தின்மேல் 1808-ல் எழுந்த சிறு பள்ளிவாசல் இருக்கிறது. அவ்வழியே செல்லும் ஜமாஅத்தார் வண்டியைச் சற்று நிறுத்தி, இறங்கி ஒரு ஃபாத்திஹா ஓதிச் செல்லுங்கள்.