வேலி போடாத ஊர்

இங்கிலாந்தில் நாட்டிங்காம்ஷயர் பக்கம் லாக்ஸ்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே மூன்று பெரிய வயல்வெளிகள் இருக்கின்றன. உள்ளே வேலியே கிடையாது. உழவர்களுக்கு அவற்றில் நீள நீளத் துண்டுகளாக நிலம் பிரிந்து கிடக்கிறது. ஒரு வயலில் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவதற்கு ஓய்வு. ஆண்டுதோறும் முறை மாறும்.

இடைக்கால இங்கிலாந்தின் பல ஊர்கள் இப்படித்தான் உழுதன. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் போட்டு நிலத்தை வேலிக்குள் அடைத்தார்கள். எத்தனையோ ஏழைகளுக்கு மேய்ச்சல் உரிமை போனது. லாக்ஸ்டன் தப்பியது.

அதைவிடப் பெரிய அதிசயம், அந்த ஊரின் பழைய நீதிமன்றம் இன்றும் கூடுகிறது. குளிர்காலத் தொடக்கத்தில், உழவர்களே நடுவர்களாகக் கோதுமை வயலைச் சுற்றி வருகிறார்கள். யாராவது எல்லை மீறிப் பொதுப் பாதையையோ புல்தரையையோ உழுதிருந்தால் அபராதம்! உழாமல் விட்ட அந்தப் புல்தரைகளில் காட்டுப்பூக்கள் செழிக்கின்றன.

1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த லாக்ஸ்டன் வரைபடம் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டு நிலமும் அதில் பதிவாகியிருக்கிறது.