நத்தார்க் காலமும் ஊரார் பாட்டும்



நத்தார்த் திருநாளுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளையும் உள்ளடக்கிய காலத்தைக் கிறிஸ்தவ மக்கள் திருவருகைக் காலம் என்பர். அக்காலத்தின் பிற்பகுதி எங்கள் மார்கழியோடு கலந்து வருகின்றது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மார்கழித் திருவாதிரைக்கு முந்திய நாட்களில், வைகறைப் பனியிலே சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிச் செல்வோரின் குரல் கேட்கும். அதே பருவத்து முன்னிரவுகளில், விளக்கேந்தி வீடு வீடாகக் கரோல் கீதம் பாடிச் செல்வோரின் குரலும் கேட்கும். முன்னது உறங்குவோரை எழுப்புகின்றது. பின்னது உறங்கப் போவோரை வாசலுக்கு வரச் செய்கின்றது. சமயம் வேறாயினும், பாட்டை ஆலயச் சுவருக்கு வெளியே கொண்டு வரும் வழக்கம் இரண்டிற்கும் பொதுவானது.

திருச்சபையொன்று நத்தார்க் காலத்துப் பாட்டினால் தன் அயலவரோடு உறவு கொள்வது எங்ஙனம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நல்ல பாடகர் குழுவொன்றைப் பயிற்றி, மேடையில் நிறுத்தி, ஊராரை அழைத்து இருத்தினாற் போதாதோ என்று சிலர் கேட்பர். போதாது என்பதே என் எண்ணம். அதற்கு இங்கிலாந்து தேசத்துச் சரித்திரத்திலேயே தக்க சான்றொன்று உண்டு.

18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அத்தேசத்துக் கிராமக் கோவில்கள் பலவற்றில் ஓர்கன் வாத்தியம் இருந்ததில்லை. கோவிலின் மேற்குப்புறத்து மாடத்தில் ஊர்த் தொழிலாளர் சிலர் வயலினும் கிளரினெற்றும் பெரிய நரம்பு வாத்தியமும் வாசிக்க, அவர்களோடு கூடி நின்றோர் பாடுவர். தச்சரும் சப்பாத்துத் தைப்போரும் வண்டிக்காரரும் அக்குழுவில் இருந்தனர். நத்தாருக்கு முந்திய இரவில் அவர்களே வீடுகள்தோறும் சென்று பாடினர். அவர்கள் இசையிற் பிசகுகள் பல இருந்திருக்கலாம். ஆயினும் அது ஊரின் சொந்த இசையாயிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குருமார் பலர், ஒழுங்கும் பக்தி விநயமும் வேண்டுமெனக் கருதி, அக்குழுக்களை விலக்கி, ஓர்கனையும் வெள்ளையங்கி தரித்த பாடகரையும் புகுத்தினர். தோமஸ் ஹார்டி என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1872இல் வெளியிட்ட ‘அண்டர் த கிறீன்வுட் ட்றீ’ என்னும் நாவல், இவ்வாறு விலக்கப்பட்ட ஒரு குழுவின் கதையையே கூறுகின்றது. அவருடைய பாட்டனாரும் தகப்பனாரும் அத்தகைய குழுவொன்றில் வாசித்தவர்களே.

கோவிலில் இடமிழந்த பாட்டுக்களின் கதி யாதாயிற்று? ஷெபீல்ட் நகரை அடுத்த குன்றுப்புறக் கிராமங்களில் அவை மதுச்சாலைகளுக்குள்ளே குடிபுகுந்தன. மதுச்சாலையாவது, எங்கள் ஊர்ப் பேச்சிலே தவறணை! டங்வேர்த் முதலிய கிராமங்களில் நவம்பர் நடுப்பகுதி தொடங்கி நத்தார் வரையில் ஞாயிறு நண்பகல்தோறும் மக்கள் கூடி, அப்பழைய பாட்டுக்களை இன்றளவும் பாடி வருகின்றனர். அங்கே தனிப் பாடகர் குழு இல்லை. கேட்கப் போனவனும் சிறிது நேரத்திற் பாடத் தொடங்கிவிடுகிறான். மேய்ப்பர் இரவில் மந்தை காத்த வரலாற்றைக் கூறும் நேஹம் டேற் என்பவரின் பாட்டொன்றுக்கு மாத்திரம் அங்கு இராகங்கள் பல வழங்குகின்றன. கோவில் கைவிட்டதை மதுச்சாலை காப்பாற்றியது என்பது சற்றுச் சங்கடமான செய்திதான். ஆயினும் திருச்சபையார் அதனை மனத்திலிருத்துதல் நன்று.

திருச்சபையும் வாளாவிருந்துவிடவில்லை. 1880ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய இரவில், துறூறோ நகரத்து அத்தியட்சராயிருந்த பென்சன் என்பவர், வேதபாடங்கள் ஒன்பதையும் அவற்றிடையே கீதங்களையும் அமைத்து ஓர் ஆராதனை நடத்தினார். பேராலயம் கட்டி முடியாதிருந்தமையால் மரத்தாலான கொட்டகையொன்றிலே அது நிகழ்ந்தது. அதில் முதற் பாடத்தைப் பாடகர் குழுச் சிறுவன் வாசிக்க, ஈற்றுப் பாடத்தை அத்தியட்சர் வாசித்தார். முதலிடத்தைச் சிறுவனுக்குக் கொடுத்த அந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். முதலாம் உலகப் போரிற் படைக்குருவாகப் பணிபுரிந்து மீண்ட மில்னர்-வைற் என்பவர், 1918இல் அவ்வாராதனையைக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் புகுத்தினார். 1928இல் அது முதன்முதலாக வானொலியில் ஒலித்தது. 1930ஆம் ஆண்டு நீங்கலாக அன்றுதொட்டு ஆண்டுதோறும் ஒலிபரப்பாகி வருகின்றது. எங்கள் ஆலயங்கள் பலவற்றிலும் அவ்வொழுங்கு பின்பற்றப்படுகின்றது. ஆனால் நாம் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் கிங்ஸ் கல்லூரியின் மெருகையே. துறூறோக் கொட்டகையின் எளிமை எங்கள் கைக்கு எட்டவில்லை.

இனித் தமிழர் பக்கம் வருவோம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர். அவர் 1800இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, குற்றாலக் குறவஞ்சியால் தமிழ் மக்கள் நன்கறிந்திருந்த நாடக வடிவத்திலே கிறிஸ்துவின் புகழைப் பாடுகின்றது. குறத்தி வந்து குறி சொல்லும் கதைப்போக்கை அக்கால மக்களுக்கு விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பின்வந்த ஐரோப்பியப் போதகர் சிலருக்கு அவருடைய கீர்த்தனைகள் ஆராதனையில் ஒலிப்பது உவப்பாயில்லை. ஆயினும் அவை மறையவில்லை. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற அமெரிக்க மிஷனரிமாரால் ஆரம்பிக்கப்பெற்ற மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பார், அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். ஒரு போதகர் வேண்டாமென்றதை இன்னொரு போதகர் தேடி எடுத்தார்.

கீர்த்தனையின் அமைப்பிலேயே ஊராரை அழைக்கும் வாசல் ஒன்று உண்டு. சரணத்தை ஒருவர் பாடப் பல்லவியை எல்லோரும் திருப்பிப் பாடுவர். பல்லவி இரண்டு வரிதானே! எழுத்தறியாதவரும், அயல் வீட்டுச் சைவரும், முதன்முறை வந்த சிறுவனும் மூன்றாம் முறை திரும்பி வரும்போது அதனைப் பிடித்துக்கொள்வர். ஆங்கிலக் கரோல் கீதங்களின் மொழிபெயர்ப்புக்களோ எளிதில் நாவிற் படிவதில்லை. தமிழிற் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றவல்லன. மெட்டுக்காகக் குறிலை நீட்டினால் ‘மரி’ என்னும் அன்னை ‘மாரி’ ஆகி மழையாய்ப் பொழிகிறாள். அம்மெட்டுக்கள் இனியவை என்பதை நான் மறுக்கவில்லை, அவற்றையும் பாடுவோம். ஆயின் வாசலிலே பாடுவதற்குக் கீர்த்தனையே தக்கது.

போர்க்காலத்தில் ஊரடங்கு இருந்த ஆண்டுகளில் இரவு வேளைகளிற் பாடிச் செல்லுதல் அரிதாயிற்று. போர் 2009இல் முடிந்த பின்னர் அவ்வழக்கம் மீண்டும் தளிர்த்திருக்கின்றது. இவ்வேளையில் இரண்டொரு செய்திகளைத் துணிந்து கூறுவேன். முதலாவது, உண்டியல். நிதி வேண்டுமாயின் அதற்குத் தனியாக ஒரு நாளை வைத்துக்கொள்ளலாம். கரோல் பாட வருவோர் கையில் உண்டியலைக் கண்டவுடனேயே வறிய வீட்டார் விளக்கை அணைத்துக்கொள்வர். பாட்டு யாருக்காக வந்ததோ அவரே கேளாது போவார். இரண்டாவது, வேற்றுச் சமயத்தார் வீட்டு வாசலில் நிற்கும்போது பிரசங்கம் வேண்டா. எங்கள் தேசத்திலே மதமாற்றம் பற்றிய ஐயம் எளிதில் மூளக்கூடியது. வாழ்த்துப் பாடி, தருகின்ற தேநீரைக் குடித்து, நன்றி கூறி விடைபெறுதலே பண்பாகும். அவர்கள் தம் பிள்ளையொருத்தியைத் தேவாரம் பாடச் சொன்னாற் பொறுமையோடு இருந்து கேட்டல் வேண்டும். பாடசாலை ஒளிவிழாக்களிற் சைவப் பிள்ளைகளும் கூடிப் பாடும் நாடு இது, இதில் வியப்பில்லை.

திருவருகைக் காலத்து நான்கு ஞாயிறுகளையும் பாடகர் குழுவின் ஒத்திகைக்கே செலவிடாது, ஞாயிற்றுக்கு ஒரு பல்லவியாகச் சபையாருக்கும் அயலவருக்கும் பழக்கலாம். சிங்களமும் தமிழும் வழங்கும் ஊர்களில் ஒரே மெட்டுக்கு இருமொழிச் சொற்களையும் பழக்குதல் நன்று. முதியோர் இல்லங்களிலும் வைத்தியசாலை விறாந்தைகளிலும் புதுப் பாட்டு வேண்டா. அங்குள்ளோர் தம் இளமையிற் பாடியவற்றையே பாடுதல் வேண்டும். ஒரு வீட்டுக்குச் சென்றதும், என்ன பாட்டு வேண்டுமென்று அவ்வீட்டு மூத்தவரைக் கேளுங்கள். அவர் கேட்கும் பழைய கீர்த்தனையைக் குழுவினர் அறியாதிருந்தால், அங்கேயே நின்று அவரிடம் கற்றுக்கொள்ளலாம். அடுத்த வீட்டுக்குச் சற்றுத் தாமதமாகப் போனாற் குற்றமில்லை.