பழைய வண்டியின் அடையாளம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கம்பனையும் இளங்கோவையும் பற்றிய சொற்பொழிவுகளையே இம்மேடையில் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். செயற்குழுவினர் என்னைப் பேச அழைத்தபோது, “எனக்கு இரும்பைத் தவிர வேறொன்றும் தெரியாதே” என்றேன். “அப்படியானால் இரும்பைப் பற்றியே பேசுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஜபல்பூரில் தொழிற்சாலை ஒன்றின் கருவிக்கூடத்தில் அரமும் அளவுகோலுமாக முப்பத்துநான்கு ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்றபின் ஒரு பழைய மோட்டார் சைக்கிளோடு பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லில் குறையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2022 ஆம் ஆண்டு கோடையில், மூன்று தலைமுறையாக இவ்வூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் எனக்குச் சொல்லி அனுப்பினார். அவருடைய மாமனார் ரெயில்வேயில் கார்டாக இருந்தவர். வீட்டின் பின்புறக் கொட்டகையில் விறகுக்கும் உடைந்த கட்டிலுக்கும் இடையே ஒரு வண்டி சாய்ந்து கிடந்தது. “தம்பி, பேத்திக்குத் தையில் கலியாணம். கபாடிக்காரன் எடைக்குக் கேட்கிறான். எடைக்குப் போடத்தக்கதுதானா என்று நீ பார்த்துச் சொல்” என்றார் அம்மையார்.

தூசியைத் துடைத்துப் பார்த்தேன். பெட்ரோல் தொட்டியில் தடித்த கறுப்புப் பூச்சு, பெயர் இல்லை. பின்சக்கரம் வேறு ஏதோ வண்டியினுடையது. மாக்னெட்டோ பிற்காலத்தது. விளக்கு இல்லை, கைப்பிடியில் இருந்த நெம்புகோல்களுள் இரண்டு முறிந்திருந்தன. எனினும் முன்கவையைக் கண்டதும் என் நெஞ்சு சற்று வேகமாக அடித்தது. இக்காலத்து வண்டிகளின் முன்கவை மேலும் கீழும் இயங்குவது. இதுவோ முன்னும் பின்னுமாக அசைவது. கைப்பிடிக்குக் கீழே, தலைக்குழாயை ஒட்டிக் கிடைமட்டமாக ஒரே ஒரு சுருள்வில். இப்படிப்பட்ட முன்கவையை வைத்துப் பெயர்பெற்ற கம்பெனி இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து டிரையம்ப்.

அந்தக் கம்பெனியைப் பற்றி ஒரு சொல். அதை நிறுவிய சீக்பிரீட் பெட்மன் ஜெர்மனியில் நூரம்பெர்க் நகரிற் பிறந்தவர். சைக்கிள் வணிகத்தில் தொடங்கி, 1902-இல் பெல்ஜியத்து மினர்வா எஞ்சினைப் பொருத்தி முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார். 1905-இல் சொந்த எஞ்சினே வந்துவிட்டது. 1913-இல் கோவென்ட்ரியின் மேயராகவும் ஆனார். அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. பிறப்பால் ஜெர்மானியர் என்னும் காரணத்தால் அவர் ஐயத்துக்கு உள்ளானார். ஆனால் அவர் தொழிற்சாலையில் உருவான ‘மாடல் எச்’ வண்டிகளோ 30,000 அளவில் நேசநாட்டுப் படைகளுக்குச் சென்றன. செய்தி கொண்டு செல்லும் வீரர்கள் அவற்றின்மீது ஏறியே பிரான்சின் சேற்றில் உழன்றார்கள். பெட்மனின் கதை தனியே ஒரு சொற்பொழிவுக்கு உரியது. இன்று அதற்கு நேரமில்லை.

கொட்டகையிற் கிடந்தது அந்த மாடல் எச்தானா என்பதே கேள்வி. எஞ்சினை அளந்து பார்த்தேன். சிலிண்டரின் உள்விட்டம் 85 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 97. பெருக்கிப் பார்த்தால் கொள்ளளவு 550 கன சென்டிமீட்டர். மாடல் எச்சின் அளவு அதுவே. ஆயின் இதனால் மட்டும் ஒன்றும் உறுதியாகாது. 1914-இல் வந்த முந்தைய வண்டிக்கும் அதே அளவு. 1920-இல் வந்த ‘எஸ்.டி.’ என்னும் வண்டிக்கும் அதே அளவு. ஒரே முகச்சாயல் கொண்ட உடன்பிறந்தார் மூவருள் நம் வீட்டுக்கு வந்தவர் யார் என்று அறிவதைப் போன்றதுதான் இது.

விடை சட்டத்தில் இருந்தது. முந்தைய வண்டியில் சைக்கிளைப் போல மிதிகட்டை உண்டு. கியர் பின்சக்கரத்தின் குடத்துக்குள் அமைந்திருக்கும். இந்தச் சட்டத்தில் மிதிகட்டைக்கு உரிய குழாயே இல்லை. அதற்கு மாறாக எஞ்சினுக்குப் பின்னே ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று வேகக் கியர்ப் பெட்டி தொங்குவதற்கு இடம் வார்க்கப்பட்டிருந்தது. பெட்டியும் அங்கேயே இருந்தது. எஸ்.டி. வண்டியில் எஞ்சினிலிருந்து கியர்ப் பெட்டிக்கும், அங்கிருந்து பின்சக்கரத்துக்கும் சங்கிலியே செல்லும். மாடல் எச்சிலோ முற்பகுதி சங்கிலி, பிற்பகுதி ரப்பரும் கான்வாசும் சேர்ந்த வார்ப்பட்டை. கியர்ப் பெட்டியின் வெளிப்புறத்தைச் சுரண்டிப் பார்த்தேன். பற்சக்கரம் இல்லை; பட்டை ஓடும் கப்பி தேய்ந்து கிடந்தது. ஆகவே மாடல் எச். 1915 முதல் 1923 வரை செய்யப்பட்ட வண்டி.

கபாடிக்காரனை இனி வாசலில் நிறுத்த வேண்டாம் என்று அம்மையாரிடம் சொல்லி, வண்டியை என் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

இங்கேதான் நான் பிழை செய்தேன். அதை மறைக்காமல் சொல்வதே முறை. தொட்டியின் கறுப்புப் பூச்சு அருவருப்பாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, வெறும் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்க்கத் தொடங்கினேன். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கத்தில் பாதிக்கு வந்தபோது, கறுப்புக்கு அடியில் படைவண்டிகளுக்கு அடிக்கும் பச்சை கலந்த காக்கி நிறம் தெரிந்தது. அந்த நிறத்தின்மேல் வெள்ளை எழுத்து. கை தானாக நின்றது. ஓர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும், அரசாங்க உடைமை என்பதைக் காட்டும் அம்புக் குறியின் ஒரு சிறகும் மட்டுமே எஞ்சியிருந்தன. முன்னிலக்கங்கள் எல்லாம் என் மடியில் தூளாகக் கிடந்தன. நூறாண்டு வெயிலும் மழையும் கறையானும் விட்டுவைத்ததை நான் ஒரு மணி நேரத்தில் அழித்துவிட்டேன். டிரையம்பின் தொழிற்சாலை 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானியக் குண்டுகளால் அழிந்தது. ஏட்டைப் புரட்டி விடை தேடலாம் என்னும் எளிய வழி இந்த வண்டிக்கு இல்லை. எந்தத் தொகுதியிற் செய்யப்பட்டுப் படைக்குச் சென்றது என்று சொல்லியிருக்கக் கூடியது அந்த வெள்ளை எண்தான்.

அன்றுமுதல் ஈரத் துணியும் விரல் நகமுமே என் கருவிகள். எதையும் கழற்றுமுன் நிழற்படம் எடுத்தேன். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் தாளிற் சுற்றிக் குறிப்பெழுதி வைத்தேன்.

இன்னொரு கண்டுபிடிப்பில் நான் பெருமிதங்கொண்டு ஏமாந்த கதையும் உண்டு. முன்கவையின் சுருள்வில் மேடுபள்ளங்களில் முறிந்துபோகும் என்பதால், போர்க்களத்து வீரர்கள் அதைச் சுற்றித் தோல்வாரைக் கட்டி ஓட்டுவார்களாம். இந்த வண்டியின் முன்கவையில் அப்படி வார் உராய்ந்த தடம் பளபளவென்று இருந்தது. ‘இதோ, பிரான்சின் தடம்!’ என்று ஓடிப்போய் அம்மையாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “அது மாமனாரின் இடைவார், தம்பி. நான் மணமாகி வந்தபோதும் அதில் கட்டித்தான் இருந்தது” என்று உள்ளே போய், வெடித்துக் காய்ந்த ஒரு தோல் இடைவாரைக் கொண்டுவந்து காட்டினார். பித்தளைக் கொக்கியில் ரெயில்வே முத்திரை இருந்தது!

பழுது நீக்கிய வகையைச் சிறிது சொல்கிறேன். பிஸ்டன் துருவேறி இறுகிப் போயிருந்தது. இக்கால எஞ்சினாக இருந்தால் மேல்மூடியைக் கழற்றித் தட்டலாம். இதில் சிலிண்டரும் அதன் தலையும் ஒரே வார்ப்பு. ஆகவே வால்வுக்கு மேலுள்ள மூடியைத் திருகி எடுத்து, மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி, நாள்தோறும் காலையில் மெல்ல அசைத்துப் பார்ப்பேன். பத்தொன்பதாம் நாள் மயிரிழை நகர்ந்தது. மாக்னெட்டோவின் செப்புச் சுற்று அக்காலத்தில் அரக்கு பூசிக் காப்பிடப்பட்டது. நம் நாட்டு வெயிலில் அரக்கு இளகி வழிந்து, சுழலும் பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அதை மின்விசிறி மோட்டார் சுற்றும் இளைஞர் ஒருவர் தலைமயிரினும் மெல்லிய கம்பியால் நான்கு நாளில் திரும்பச் சுற்றித் தந்தார். கார்புரேட்டரின் பித்தளையை என் துணைவியார் புளி போட்டுத் துலக்கினார். என் வேலையை விட அதுவே நன்றாக அமைந்தது. பட்டை ஓடும் பின்சக்கர வளையம் எங்கும் கிடைக்கவில்லை. எஃகுத் தகட்டை உருட்டிப் புதிதாகச் செய்தேன்.

தை பிறக்க இரண்டு திங்களே இருந்தபோது, வடபுலத்திலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, அம்மையார் கனவிலும் எண்ணாத தொகையைச் சொன்னார். பிறகு பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1940-களில் வழங்கப்பட்ட அப்புத்தகத்தை அம்மையார் சேலைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். அதிலுள்ள சட்ட எண் வண்டியோடு பொருந்தியது. எஞ்சின் எண் பொருந்தவில்லை. பிற்காலத்தில் யாரோ ஒரு மெக்கானிக் வேறொரு வண்டியின் கிராங்க் கேசை மாற்றிப் பொருத்தியிருக்க வேண்டும்.

2021-இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிவு செய்யலாம். ஆனால் அது மூல வடிவில் இருக்க வேண்டும். சட்டத்திலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்திருக்கலாகாது. இதைக் கருத்திற்கொண்டே அவர் என்னைத் தனியே அழைத்தார். “நீங்கள் கருவிக்கூடத்துக்காரர். பழைய எண்ணை அரத்தால் நீக்கிவிட்டுப் புத்தகத்திலுள்ள எண்ணைக் குத்திவிடுங்கள். அரை மணி வேலை. இல்லையேல் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வேன்” என்றார்.

அன்பர்களே, அவ்வெண் அச்சுகள் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தன. அந்தக் காலத்து எழுத்தின் வளைவையும் என்னால் கொண்டுவர முடியும். எவரும் கண்டுபிடிக்க மாட்டார். குற்றம் என்பதை அறிவேன். ஆயினும் கலியாணச் செலவும் என் கண்முன் நின்றது. தொட்டியில் நான் அழித்த எண்ணும் நின்றது. அன்றிரவு உறக்கம் வரவில்லை. நம் சங்கத்து நூலகத்திலிருந்து எடுத்துவந்த புறநானூறு தலைமாட்டில் இருந்தது. அதில் 267, 268 ஆம் பாடல்கள் இல்லை. பல பாடல்களில் சொற்கள் சிதைந்த இடங்களிற் புள்ளிகளே உள்ளன. 1894-இல் அதைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையருக்கு அந்த இடங்களை நிரப்பும் புலமை இல்லாமலா போயிற்று?

காலையில் அம்மையாரிடம் சென்று, எண் பொருந்தாததையும், வந்தவர் கேட்டதையும், மூன்றில் ஒரு பங்கு கணக்கையும் ஒளிக்காமற் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “புத்தகத்தில் இருப்பது மாமனார் கையெழுத்து. அதற்குப் பொருத்தமாக நீ வண்டியில் பொய்யெழுத்து எழுதாதே. மண்டபத்தைச் சிறிதாகப் பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

சேகரிப்பாளர் போய்விட்டார். மார்கழியில் புனேயிலிருந்து வேறொருவர் வந்தார். பதிவு பெறுமோ பெறாதோ, எஞ்சின் மாறியது தெரிந்தே வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். முதல் தொகையில் ஏறக்குறைய முக்காற் பங்கு தந்தார். அதற்கு முன்னரே எண் அச்சுகளை இழுப்பறையிலிருந்து எடுத்து, நான் புதிதாகச் செய்த உறுப்புகளின் உட்புறத்தில் எல்லாம் ‘2022’ என்று குத்தியிருந்தேன். எது பழையது, எது புதியது, எது பிற வண்டியிலிருந்து வந்தது என்று நான்கு பக்கம் எழுதிக் கருவிப் பைக்குள் வைத்தேன். தொட்டியின் அந்தப் பக்கத்துக்குப் பூச்சு அடிக்கவில்லை. இரண்டு இலக்கங்களும் அரை அம்பும் அப்படியே இருக்கின்றன.

வண்டியை ஏற்றிச் செல்ல லாரி வந்த நாள் காலையில், கைப்பம்பால் எண்ணெயை இறக்கி, நெம்புகோல்களைச் சரிசெய்து உதைத்தேன். ஏழாவது உதையில் எஞ்சின் பேசிற்று. தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அம்மையார் திண்ணையில் அமர்ந்து கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். வாங்கியவர் இடைவாரையும் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டார். அதை மட்டும் அம்மையார் கொடுக்கவில்லை.