கீறி வைத்த குழாய்



கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் எரிபொருள் யுரேனியம் ஆக்சைடு. அதைச் சிறு வில்லைகளாக்கி, சிர்க்கோனியக் கலப்புலோகக் குழாய்களில் அடைத்து, இரு முனைகளையும் பற்றவைத்து மூடிவிடுகிறார்கள். இப்படி 19 குழாய்கள் சேர்ந்தால் ஒரு கட்டு. குழாயின் சுவர் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர்தான். அணுக்கள் பிளந்து உண்டாகும் கதிரியக்கப் பொருள்கள் சுற்றி ஓடும் நீரில் கலந்துவிடாமல் காப்பது இந்தச் சுவரே. கனமாகச் செய்துவிடலாமே என்றால், கனம் கூடக்கூட, அணுக்களைப் பிளக்கும் நியூட்ரான்களை அதுவே அதிகமாக விழுங்கும்.

இந்தக் குழாய்கள் ஹைதராபாத்திலுள்ள அணு எரிபொருள் வளாகத்தில் உருவாகின்றன. நம் தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலிலும் அந்த வளாகத்தின் சிர்க்கோனிய ஆலை ஒன்று இருக்கிறது.

சுவருக்குள் முடியளவு விரிசல் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டிப் பார்த்தால் குழாய் போய்விடும். அதனால் ஒலியை அனுப்பிப் பார்க்கிறார்கள். நொடிக்குப் பல பத்து லட்சம் முறை அதிரும், காதுக்கு எட்டாத மீயொலி அது. நடுவில் மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலும் இந்த ஒலி உலோகத்துக்குள் நுழையாது. அதனால் சோதனை நடப்பது தண்ணீருக்குள். குழாய் சுழன்றபடி முன்னே நகர, ஒலி சாய்வாக விழுந்து சுவருக்குள்ளேயே வளைந்து ஓடும். வழியில் விரிசல் இருந்தால் எதிரொலி திரும்பும். சாய்ந்த விரிசல் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் தப்பிவிடக்கூடும். ஆகவே வலமாகவும் இடமாகவும் ஒலியை ஓடவிடுகிறார்கள். நீளவாக்கிலும் தனியே செலுத்துகிறார்கள். அணுக்கள் பிளக்கும்போது உள்ளே சேரும் வாயுவின் அழுத்தம் குழாயை நெடுக்காகப் பிளக்கவே பார்க்கும். ஆகவே நெடுக்கு விரிசலிடம்தான் அச்சம் அதிகம்.

எவ்வளவு எதிரொலி வந்தால் குழாயைக் கழிப்பது? இந்தக் கேள்விக்கு விடை கண்ட விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. அதே உலோகத்தில், அதே அளவில் ஒரு குழாயை எடுத்து, உள்ளும் புறமும் மின்பொறியால் அளந்து கீறுகிறார்கள். கீறலின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு. அந்தக் கீறல் தரும் எதிரொலிதான் எல்லைக்கோடு. அதைத் தொட்டால் நல்ல குழாய்போலத் தோன்றுவதும் ஒதுக்கப்படும்.

வேலை தொடங்குமுன் கீறிய குழாயைக் கருவியில் ஓட்டுவார்கள். இடையிடையேயும் முடிவிலும் மறுபடி ஓட்டுவார்கள். ஒருமுறை அதன் எதிரொலி குறைந்து தெரிந்தாலும், கருவி கடைசியாகச் சரியாக இருந்த வேளைக்குப் பின் தேறிய அத்தனை குழாய்களும் மீண்டும் தண்ணீருக்குள் போகவேண்டும்.