காலில் ஆரம்பிக்கும் சர்வ்

இந்த எபிசோடை சாந்தோமில் எங்க வீட்டு மாடி ரூமில் உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி காத்து சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, கடல் பக்கத்துலதான் இருக்கு.

போன மாசம் டென்னிஸ் பத்தி ஒரு எபிசோட் போட்டப்போ நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க: ஜிம்முக்குப் போனா சர்வ் வேகமாகுமா? ஆகும். ஆனா நாம ஜிம்மில் வழக்கமா எதைத் தூக்குறோமோ அதனால ஆகாது. இது எனக்குத் தெரிய வந்த விதம் கொஞ்சம் வலியானது, அதனால அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் வாரத்தில் மூணு நாள் காலையில் ஆடுறவன். மீதி நேரமெல்லாம் லேப்டாப் முன்னாடி. உயரம் 5 அடி 7 அங்குலம். ஃபோர்ஹேண்ட் ஓரளவு வரும். சர்வ் மட்டும் எதிராளிக்கு டீ போட்டுக் கொடுத்த மாதிரி போய் விழும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதைச் சரி பண்ணியே ஆகணும்னு ஜிம்மில் சேர்ந்தேன். பந்தை அடிக்கிறது கைதானே, அப்போ கையை ஏத்தணும். பெஞ்ச் பிரஸ், ஷோல்டர் பிரஸ், வாரம் நாலு நாள். நாலு மாசத்தில் பெஞ்ச் 40 கிலோவிலிருந்து 70 கிலோ ஆச்சு. டி-ஷர்ட் டைட் ஆச்சு. சர்வ் அப்படியே இருந்துச்சு.

அதோட விட்டிருந்தா பரவாயில்லை. வலது தோள் பிடிச்சுக்கிட்டுது. வண்டியை நிறுத்திட்டு ஹெல்மெட்டைக் கழட்டக் கை மேல போகல. ராத்திரி வலது பக்கம் திரும்பிப் படுத்தா முழிப்பு வந்துடும். ஒரு கட்டத்தில், இனிமே டென்னிஸே ஆட முடியாதோன்னு பயந்து ஒரு பிசியோகிட்ட போனேன்.

அந்தம்மா முதல்ல என்னை மல்லாக்கப் படுக்க வெச்சு, முழங்கையை மடக்கி, முன்கையை உள்பக்கமா சாய்க்கச் சொன்னாங்க. இடது கை நல்லா சாய்ஞ்சுது. வலது கை பாதியிலேயே நின்னுடுச்சு. வருஷக்கணக்கா சர்வ் போடுறவங்களுக்கு இது சகஜமாம். அடுத்தது எனக்குப் புரியல. ஒரு நாற்காலியைப் போட்டு, ஒத்தைக் காலில் மெதுவா உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னாங்க. தோள் வலின்னு வந்தவனுக்கு எதுக்கு இது? இடது காலில் பாதி தூரம் இறங்கினதும் பொத்துன்னு விழுந்தேன். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்குதுன்னு சொன்னாங்க.

ஏன்னு சொல்றேன். பட்டினப்பாக்கம் தாண்டி, அடையாறு கடலில் கலக்கிற இடத்தில் வீச்சு வலை வீசுறவங்களைப் பார்த்திருக்கீங்களா? யாரும் கையை மட்டும் வீச மாட்டாங்க. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அந்தத் திருப்பத்தில் தோள் இழுபட்டு, கடைசியாத்தான் கை விரியும். வலை வட்டமா விழும். சர்வும் அதே கணக்குதான். முழங்கால் மடங்குது, கால் தரையைத் தள்ளுது, அந்தத் தள்ளல் இடுப்புக்கு ஏறி, உடம்பு திரும்பி, தோளுக்கு வந்து, மேல்கை உள்பக்கமா சுழன்று, மணிக்கட்டு வழியா ராக்கெட்டுக்குப் போகுது. ராக்கெட்டுக்குப் போய்ச் சேர்கிற ஆற்றலில் ஏறக்குறைய பாதி காலும் இடுப்பும் உடம்பும் கொடுப்பது. அந்தப் பாதியை நீங்க கொடுக்கலேன்னா தோள் தனியா அதை ஈடுகட்டப் பார்க்கும். கொஞ்ச நாள் பார்க்கும். அப்புறம் ஹெல்மெட் கழட்ட முடியாது.

கால் இன்னொரு வேலையும் செய்யுது. இதை நான் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் உயரத்துக்குப் பந்தை அடிக்கிற இடம் தரையிலிருந்து சுமார் 2.6 மீட்டர். பேஸ்லைனிலிருந்து எதிர்ப்பக்க சர்வீஸ் கோடு 18.29 மீட்டர். அடிக்கிற இடத்திலிருந்து அந்தக் கோட்டுக்கு நேரா ஒரு நூல் கட்டினா, நெட் இருக்கிற இடத்தில் அந்த நூல் 91 சென்டிமீட்டர் உயரத்தில் போகும். நெட்டின் நடு உயரம் எவ்வளவு தெரியுமா? 91.4 சென்டிமீட்டர். அதாவது நூல் நெட்டை உரசுது. நம்ம உயரத்துக்கு நேர்கோட்டில் அடிச்சு உள்ளே போட வழியே இல்லை. பந்து நெட்டைத் தாண்டின பிறகு கீழே விழணும். ஈர்ப்பு விசை கொஞ்சம் இழுக்கும், மீதியை சுழல் செய்யணும். வேகம் கூடக் கூட விழறதுக்குக் கிடைக்கிற நேரம் குறையும். அதனாலதான் வெறும் வேகம் சேர்த்தா பந்து வெளியே போகுது. கால் நல்லா தள்ளினா அடிக்கிற இடம் சில சென்டிமீட்டர் மேலே போகும். குட்டையானவங்களுக்கு அந்தச் சில சென்டிமீட்டர் பெரிய சொத்து.

சரி, எஞ்சின் கால். பிரேக் எங்கே? தோளின் பின்பக்கம். பந்தை அடிச்ச அடுத்த கணமே அவ்வளவு வேகமா சுழன்ற கையை நிறுத்தணும். அதைச் செய்றது தோள்பட்டைக்குப் பின்னாடி இருக்கிற சின்னச் சின்ன தசைகள், ரொட்டேட்டர் கஃப்னு சொல்ற கூட்டத்தைச் சேர்ந்தவை. கண்ணாடியில் தெரியாத தசைகள், அதனால ஜிம்மில் யாரும் அதுக்கு நேரம் ஒதுக்குறதில்லை. நாலு மாசம் நெஞ்சை மட்டும் வளர்த்த நான் என்ன பண்ணினேன்? எஞ்சின்னு நினைச்சு எதையோ பெருசாக்கி, பிரேக்கைத் தேய விட்டேன்.

இது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு மட்டும் நடக்கிறதில்லை. ஷரபோவா 2008-ல் தோள் அறுவை சிகிச்சை பண்ணிக்கிட்டு, திரும்பி வந்தப்போ சர்வ் போடுற விதத்தையே மாத்த வேண்டியதாச்சு. 2022 விம்பிள்டனில் நடால் அரையிறுதி வரைக்கும் போய், வயித்துத் தசை கிழிஞ்சதால ஆடாமலே விலகினார். உலகத்திலேயே நல்ல டிரெய்னர்களை வெச்சிருக்கிறவங்களுக்கே இந்த நிலைமை.

இனி நான் என்ன பண்ணினேன்னு சொல்றேன். வலி அடங்க ஆறு வாரம் ஆச்சு, அதுவரை சர்வே போடல. அப்புறம் திங்கள், வியாழன்னு ரெண்டு நாள் மட்டும் ஜிம். ஆட்டத்துக்கு முந்தின நாள் கனமா எதுவும் இல்லை. முதல் ரெண்டு மாசம் வெறும் பலம்தான்: டம்பெல்லை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஸ்குவாட், டெட்லிஃப்ட், பின்னங்காலை பெஞ்சில் வெச்சு ஒத்தைக் கால் ஸ்குவாட். எங்க தாத்தா இதைப் பார்த்திருந்தா, பஸ்கிக்கு எதுக்குடா ஃபீஸ் கட்டுறேன்னு கேட்டிருப்பார். டெட்லிஃப்ட் 30 கிலோவில் ஆரம்பிச்சு 80-க்கு வந்தேன். அவசரப்படல. தள்ளுற பயிற்சி ஒண்ணு பண்ணினா இழுக்கிற பயிற்சி ரெண்டு. பெஞ்ச் பிரஸ் இருக்கிற பக்கமே போகல.

பிரேக்குக்கு ஒரு ரப்பர் பேண்ட் போதும். அதை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சு, முன்கையை வெளிப்பக்கமா இழுத்து, மெதுவா, மூணு எண்ணி, திரும்ப விடுறது. அந்தத் திரும்ப விடுறதுதான் முக்கியம், பிரேக் பிடிக்கிற வேலை அங்கேதான் நடக்குது. 15 தடவை, மூணு சுற்று. ரொம்ப போரடிக்கும். மீட்டிங்கில் கேமராவை ஆஃப் பண்ணிட்டு செஞ்சிருக்கேன்.

மூணாவது மாசத்திலிருந்து வேகம். பலம் இருந்தா மட்டும் பத்தாது, அதைச் சட்டுன்னு வெளியே விடப் பழகணும். இதுக்கு 3 கிலோ மெடிசின் பால் ஒண்ணு வாங்கினேன். ஜிம்மில் எறிய விட மாட்டேன்னுட்டாங்க. அதனால விடியற்காலையில் கடற்கரை மணலுக்குப் போயிட்டேன். மணலில் எறிஞ்சா பந்து உருண்டு ஓடாது, விழுந்த இடத்திலேயே புதைஞ்சு கிடக்கும், தள்ளி எறிஞ்சோமான்னு குழியே சொல்லிடும். தலைக்கு மேல தூக்கித் தரையில் ஓங்கி அடிக்கிறது, பக்கவாட்டில் இடுப்பைத் திருப்பி எறியறது, ரெண்டு கையாலும் முன்னாடி எறியறது. ஒவ்வொண்ணும் ஐந்தாறு தடவைதான். ஒவ்வொரு எறியும் முழு வேகத்தில் இருக்கணும், நடுவில் நல்லா மூச்சு வாங்கணும். குழி பக்கத்துல விழ ஆரம்பிச்சா அன்னைக்கு அவ்வளவுதான். வேர்த்துக் கொட்டணும், நாக்கு தள்ளணும்னு நினைச்சு 50 தடவை எறிஞ்சீங்கன்னா மெதுவா எறியத்தான் பழகுவீங்க.

கர்லாக்கட்டை சுத்தலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். லேசான கட்டையா எடுத்து, ஆட்டத்துக்கு முன்னாடி தோளைச் சூடாக்கச் சுத்துறது எனக்குப் பிடிச்சிருக்கு. அதனால சர்வ் வேகம் கூடும்னு நான் சொல்ல மாட்டேன். ராக்கெட்டில் வெயிட் கட்டிக்கிட்டு சர்வ் போடுறதை மட்டும் செய்யாதீங்க. ஏற்கெனவே நொந்து போயிருக்கிற இடத்தில் இன்னும் பாரம் ஏத்துறது அது.

வேகத்தை அளக்க ரேடார் வேண்டாம். போனில் ஸ்லோமோஷன் வீடியோ போதும். ஒரு நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கிற செட்டிங்கில் வெச்சு, பக்கவாட்டில் யாரையாவது பிடிக்கச் சொல்லுங்க. ராக்கெட்டில் பட்டதிலிருந்து தரையில் பட்ட வரைக்கும் ஃபிரேமை எண்ணுங்க. கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்த பந்துக்கு, பயணம் சுமார் 18.5 மீட்டர். எனக்கு ஆரம்பத்தில் 156 ஃபிரேம் வந்துச்சு. கணக்குப் போட்டா மணிக்கு சுமார் 102 கிலோமீட்டர். இது சராசரி வேகம். டிவியில் காட்டுறது ராக்கெட்டை விட்டுக் கிளம்பின உடனே இருக்கிற வேகம், அது எப்பவும் அதிகமா இருக்கும். அதனால 2016 டேவிஸ் கோப்பையில் ஐஸ்னர் அடிச்ச 253-ஐ எடுத்து வெச்சுக்கிட்டு மனசு உடைஞ்சு போகாதீங்க. உங்களோட பழைய நம்பரோட மட்டும் ஒப்பிடுங்க.

மூணாவது மாசம் அளந்தேன். வேகம் கூடியிருந்தது, டபுள் ஃபால்ட்டும் கூடியிருந்தது. உடம்பு முன்னைவிடச் சீக்கிரம் மேல வந்துடுது, டாஸ் பழைய இடத்திலேயே தொங்குது. அதுவும் எங்க பக்கம் சாயங்காலம் கடல் காத்து அடிக்கும்போது டாஸ் ஒரு அடி தள்ளிப் போகும். ஜிம்மில் வந்த பலம் தானா சர்வுக்குள்ள போகாது, அதைக் கோர்ட்டில் வெச்சுத்தான் தைக்கணும். ஒரு நாளைக்கு 40 சர்வ், எண்ணி, டாஸைக் கொஞ்சம் தாழ்த்தி, ரெண்டு மாசம். ஏழு மாச முடிவில் 144 ஃபிரேம். சுமார் 111 கிலோமீட்டர். ஒன்பது கிலோமீட்டர்தான். இதில் எவ்வளவு காலோடது, எவ்வளவு டாஸோடதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எதிராளி முன்னைவிட ஒரு அடி பின்னாடி போய் நிக்கிறார்.

இந்த ஊரில் இருந்துக்கிட்டு சர்வ் வேகம் பத்திப் பேசிட்டு ரமேஷ் கிருஷ்ணனைச் சொல்லாம போக முடியாது. அவரோட சர்வ் மெதுவானதுன்னு உலகத்துக்கே தெரியும். அதை வெச்சுக்கிட்டு விம்பிள்டனில் ஒரு தடவை, யு.எஸ். ஓபனில் ரெண்டு தடவை கால் இறுதி. 1987 டேவிஸ் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை சிட்னியில், புல் தரையில், கடைசி ஆட்டத்தில் ஜெயிச்சுக் கொடுத்தது அவர். 1989 ஆஸ்திரேலியன் ஓபனில் அப்போ உலக நம்பர் ஒன்னா இருந்த விலாண்டரை நேர் செட்டில் வீட்டுக்கு அனுப்பினார். இதைச் சொல்லி, அப்போ எதுக்கு ஜிம்னு கேட்கிறவங்க உண்டு. அவருக்கு மத்ததெல்லாம் இருந்தது சார், நமக்கு இருக்கா?

ஆனா நான் ஜிம்முக்குப் போற காரணம் நடுவில் மாறிடுச்சு. ஒன்பது கிலோமீட்டருக்காக இல்ல. தோள் வலி திரும்பி வரல, அதுக்காகத்தான் அந்த ரப்பர் பேண்ட் இன்னும் ஜன்னலில் தொங்குது. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்: ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புற வலி இருந்தா, கை தூக்க முடியலேன்னா, இந்த எபிசோடைக் கேட்டு எதையும் ஆரம்பிக்காதீங்க. டாக்டரைப் பாருங்க.

ஞாயித்துக்கிழமை எங்களோட டபுள்ஸ் ஆடுற ஒரு சார் இருக்கார், 61 வயசு. என்னைவிட மெதுவா சர்வ் போடுவார், ஒவ்வொண்ணும் மூலையில் போய் விழும், பாதி நாள் அவர்தான் ஜெயிப்பார். என் கதையெல்லாம் கேட்டுட்டு, தம்பி, சர்வ் கிடக்கட்டும், அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திரிக்கிறியே, அதை எனக்குச் சொல்லிக்குடு, எங்க வீட்டில் லிஃப்ட் கிடையாதுன்னார். முதல் நாள் ஒரு காலில் ஒரு தடவைகூட முடியல. இப்போ எட்டு எட்டு பண்றார். சர்வ் இன்னும் அதே மெதுவுதான்.

அடுத்த எபிசோடில் ரிட்டர்ன் பத்திப் பேசலாம்.