ஏரி நம்முடையது, துலாக்கோல் யாருடையது?

(எளாவூரில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

எளாவூர் சிறிய ஊர்தான். ஆயினும் உலகம் இவ்வூர் வழியாகவே நாள்தோறும் போய்க்கொண்டிருக்கின்றது. சென்னையினின்று வடக்கே செல்லும் தொடர்வண்டிப் பாதையும் கொல்கத்தா நெடுஞ்சாலையும் இவ்வூரைத் தொட்டே செல்கின்றன. எல்லைச் சாவடியில் வரிசை வரிசையாய்ச் சரக்குந்துகள் நிற்கின்றன. அவற்றுள் என்ன இருக்கின்றது, எந்நாட்டுக்குப் போகின்றது, யாருக்கு ஊதியம் தருகின்றது என்பனவெல்லாம் சாலையோரத்தில் நிற்கும் நம் மக்களுக்குத் தெரியா. கிழக்கே பரந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரியினின்று பிடிபடும் இறாலும் நண்டும் அவ்வாறே போகின்றன. பிடித்தவனுக்கு அவை போய்ச் சேரும் இடம் தெரியாது. அங்கே உண்பவனுக்கு அவை பிறந்த ஏரி தெரியாது. இவ்விருவர்க்கும் இடையே நிற்பவன் கையில்தான் துலாக்கோல் இருக்கின்றது. இன்றைய உலக வணிகத்தின் உள்ளுரை இவ்வளவே.

கடல் கடந்த வணிகம் நமக்குப் புதியதன்று. சுமத்திராத் தீவின் மேலைக் கரையில் பாருசு என்னும் பழந்துறை ஒன்று உண்டு. அங்கே கி.பி. 1088-ஆம் ஆண்டிற்குரிய கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கின்றது. அது தமிழ்க் கல்வெட்டு! திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர், கப்பலில் வருவோர் செலுத்த வேண்டிய தீர்வையைப் பற்றி அதில் பொறித்து வைத்தனர். அயல் மண்ணில் நின்று, தம் மொழியில் எழுதி, தம் வணிகத்திற்கான ஒழுங்கைத் தாமே வகுத்தனர் என்பது அதனால் விளங்கும். சரக்கு நம்முடையது, கணக்கு நம்முடையது, எழுத்தும் நம்முடையது. அஃதொரு காலம்.

அடுத்து வந்த காலத்தைப் பழவேற்காடே கண்டது. 1602-ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டார் தங்கள் கிழக்கிந்திய வணிகக் குழுமத்தை அமைத்தனர். சில ஆண்டுகளுக்குள் அவர்கள் பழவேற்காட்டில் கால் ஊன்றி, 1613-இல் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்கள் நடத்திய வணிகத்திற்கெல்லாம் 1690 வரை அதுவே தலைமையிடம்.

அவர்கள் எதற்காக இங்கு வந்தனர்? தமிழகத்துத் துணிக்காகவே வந்தனர். கிழக்குத் தீவுகளில் விளைந்த கிராம்பும் சாதிக்காயும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. அத்தீவு மக்கள் விரும்பிக் கேட்டதோ சோழமண்டலக் கரையின் வண்ணத் துணி. எனவே இங்கே துணி வாங்கி, அங்கே நறுஞ்சரக்கு வாங்கி, ஐரோப்பாவில் விற்றனர். மூன்று நிலப்பகுதிகளை ஒரே கயிற்றால் பிணித்த வணிகம் அது. உலகமயமாக்கம் என்று இன்று பெரிதாகப் பேசப்படுவது, நானூறு ஆண்டுகட்கு முன்பே இவ்வேரிக்கரையில் நடந்தேறிய செயல்தான்.

மலாய் மக்கள் தாங்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை இன்றளவும் 'காயின் பெலிக்காத்' என்கின்றனர். பெலிக்காத் என்பது பழவேற்காடே! ஊரின் பெயர் கடல் கடந்து ஒரு துணியின் பெயராய் நிலைத்துவிட்டது. ஆனால் அத்துணியை நெய்த கைகள் என்னவாயின? குழுமத்தின் பணம் தரகர் வழியாக நெசவாளர்க்கு முன்பணமாய் வந்தது. முன்பணம் வாங்கியவன் கடனாளி. கடனாளி விலை பேச முடியாது. வேறொருவர்க்கு விற்கவும் முடியாது. பெயர் நிலைத்தது, நெய்தவன் நிலைக்கவில்லை.

அக்கோட்டையினின்று துணி மட்டுமா போயிற்று? வெடிமருந்தும் அங்கே செய்யப்பட்டது. அதனினும் கொடியதொரு சரக்கும் போயிற்று, மாந்தரே சரக்காயினர். பஞ்சம் வந்த ஆண்டுகளில், வயிற்றுக்கில்லாமல் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்களை ஒல்லாந்தர் விலைக்கு வாங்கினர். இன்று சகார்த்தா எனப்படும் படாவியாவுக்கும் பிற இடங்களுக்கும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாய்க் கப்பலேற்றினர். ஒல்லாந்தரின் கல்லறைகள் அழகிய வேலைப்பாட்டோடு பழவேற்காட்டில் இன்றும் நிற்கின்றன. கப்பலேறிய நம் மக்களுக்கு ஒரு கல்லும் இல்லை. அறம் துறந்த வணிகம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

1825-இல் பழவேற்காடு முற்றாக ஆங்கிலேயர் கைக்கு மாறியது. துணிக்காலம் முடிந்தது. அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக ஏரி மீனை ஏரிக்கரையாரும் அண்டை ஊராருமே உண்டனர். அந்நிலையை மாற்றியது இறால். உறைபதனம் செய்த இறால் 1953-இல் கொச்சியினின்று அமெரிக்காவுக்குச் செல்லத் தொடங்கியது. கடற்பொருள் ஏற்றுமதியை வளர்ப்பதற்கென்றே 1972-இல் நடுவண் அரசு ஓர் ஆணையத்தை நிறுவியது. அதுவரை குழம்பில் கொதித்த இறால், அதன்பின் அயல்நாட்டுப் பணமாய்ப் பார்க்கப்பட்டது.

இதனால் நன்மையே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. பல குடும்பங்களில் கூரை வீடு கல்வீடாயிற்று. பிள்ளைகள் கல்லூரி சென்றனர். உயிரோடு சிங்கப்பூருக்குச் செல்லும் சேற்று நண்டுக்கு உள்ளூரில் கிடைக்காத விலை கிடைத்தது. ஆனால் விலை ஏறியபோது ஏரியின் ஒழுங்கு ஆட்டம் கண்டது.

அவ்வொழுங்கின் பெயர் 'பாடு'. ஏரியில் இறால் வளம் மிக்க நீர்ப்பகுதிகளைக் குறித்து, உரிமையுள்ள ஊர்களின் மீனவர்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்து வலை கட்டுவர். இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை வேறிடம் செல்வான். வலியவன் எளியவனை விழுங்காமலும், ஏரி ஒரே நாளில் வழித்தெடுக்கப்படாமலும் காத்த முறை அது. ஏரியின் வளம் ஒருவனுடையதன்று, ஊருடையது என்னும் கொள்கை அதனுள் இருக்கின்றது. இறாலுக்கு உலகச் சந்தை வந்தபின் புதிதாக வலையெடுத்தோர் பலர். பாட்டுரிமை உடையவர்க்கும் இல்லாதவர்க்கும் இடையே பூசல்கள் எழுந்தன. விலையை ஏற்றியவன் கடலுக்கு அப்பால் இருக்கின்றான். இங்கே அடித்துக்கொண்டவர்கள் ஒரே ஏரியின் மக்கள்.

1990-களின் தொடக்கத்தில் இறால் பண்ணை என்னும் பெருவெள்ளம் வந்தது. பெருமுதல் உடையோர் கடற்கரை நிலங்களை வளைத்துக் குளம் தோண்டி, உவர்நீர் தேக்கினர். அந்நீர் ஊறி அண்டை வயல்கள் உப்பாயின. குடிநீர்க் கிணறுகள் கெட்டன. குளத்துக் கழிவு ஓடைகளிலும் ஏரிகளிலும் கலந்தது. 1994, 1995-ஆம் ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணைகளே அழிந்தன. நாகைப் பகுதியில் சங்கரலிங்கம் செகந்நாதனும் அவர்தம் துணைவியார் கிருட்டிணம்மாளும் ஏழை உழவரைத் திரட்டிப் போராடினர். செகந்நாதன் உச்ச நயன்மன்றம் வரை சென்றார். 1996 திசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது. மரபுவழி முறைகள் நீங்கலாகப் பிற இறால் பண்ணைகள் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் கூடா என்றும், சிலிக்கா ஏரி, பழவேற்காட்டு ஏரி ஆகிய இரண்டினின்றும் 1000 மீட்டருக்குள் கூடா என்றும் அத்தீர்ப்புக் கூறியது. நம் ஏரியின் பெயர் அத்தீர்ப்பில் வெளிப்படையாகவே பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஆயினும் 2005-இல் நடுவண் அரசு கடலோரப் பண்ணைகளுக்கென்று தனிச்சட்டம் இயற்றி, அத்தொழிலுக்கு வேறு வழி திறந்துவிட்டது.

2009-இல் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. பசிபிக் கடலின் அமெரிக்கக் கரைக்குரிய வெள்ளிறால் இனம் ஒன்றை இந்நாட்டில் வளர்க்க இசைவு தரப்பட்டது. 'வன்னாமி' என்று பண்ணையார் கூறுவது அதனைத்தான். இன்று ஏற்றுமதியாகும் இறாலில் பெரும்பங்கு அதுவே. 2023–24-ஆம் ஆண்டில் இந்தியக் கடற்பொருள் ஏற்றுமதி ஏறத்தாழ 60,500 கோடி உருபா. அதில் உறைபதன இறால் மட்டும் ஏறத்தாழ 40,000 கோடி. மூன்றில் இரண்டு பங்கு ஒரே சரக்கு! அதனை வாங்குவோருள் முதலிடம் அமெரிக்காவுக்கு. ஒரே தூணில் கட்டிய வீடு எவ்வளவு நாள் நிற்கும்?

அத்தூண் பலமுறை அசைந்தது. கடலாமைகளைக் காக்கும் கருவியை வலையில் பொருத்தாத நாடுகளின் இறாலை அமெரிக்கா 1996-இல் தடுத்தது. இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகள் உலக வணிக நிறுவனத்தில் வழக்காடின. ஆமையைக் காப்பது நல்லதே. ஆனால் அதற்கான நெறியை யார், எங்கே வகுப்பது என்பதே வழக்கு. 2005-இல் மிகக் குறைந்த விலைக்கு விற்கின்றனர் என்று குற்றஞ்சாட்டி, இந்திய இறாலின்மீது ஏறத்தாழ 10 விழுக்காடு தனித்தீர்வை விதித்தது. 2025 ஆகத்துத் திங்களில் இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது 50 விழுக்காடு வரை கூடுதல் தீர்வை சுமத்தியது. வாசிங்டனில் ஒருவர் கையொப்பமிட, ஆந்திரக் கரையில் இறால் விலை சரிந்தது. தீர்வை ஏறும், இறங்கும். அதனை ஏற்றவோ இறக்கவோ கேட்கும் இடத்தில் வலைஞர் ஒருவரும் இல்லை. பண்ணை இறாலின் விலை விழும்போது ஏரி இறாலின் விலை மட்டும் நிமிர்ந்து நிற்றல் அரிது.

ஏரிக்கே வந்துள்ள கேடு இன்னொன்று. இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குச் செல்லும். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் இறாலும் இல்லை, மீனும் இல்லை. தெற்கே எண்ணூரில் 2001-இலும் காட்டுப்பள்ளியில் அதன்பின்னரும் பெருந்துறைமுகங்கள் எழுந்தன. உலக வணிகத்திற்கு அவை வாயில்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்துப் போராடியதன் கரணியம், கடலுக்குள் கட்டும் சுவர் மணலின் போக்கையே மாற்றும் என்னும் அச்சந்தான். பெரிய வாயில் ஒன்றைத் திறப்பதற்காக, ஏரியின் சிறிய வாயில் அடைபடலாமா?

பெருமக்களே! உலக வணிகமே வேண்டா என்று கூறுவது இப்பேச்சின் நோக்கமன்று. பாருசில் தமிழ்க் கல் நட்ட இனம் அவ்வாறு கூறாது. பாருசில் எழுத்தாணி நம் கையில் இருந்தது; பழவேற்காட்டில் அது ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று; இன்று எங்கோ இருக்கும் வாங்குவோர் கையில் இருக்கின்றது. அதனை மீட்பதே வேண்டுவது.

அதற்குச் செய்ய வேண்டியவை நான்கு. ஒன்று: முன்பணத்தளை அறுபட வேண்டும். படகுக்கும் வலைக்கும் வணிகரிடம் கடன் வாங்கும்வரை, விலை சொல்லும் வாய் மீனவனுக்கு இல்லை. கூட்டுறவு மன்றங்கள் உயிர்பெற்றுக் கடனையும் விற்பனையையும் தம் கையில் கொள்ள வேண்டும். இரண்டு: விலை, எடை, தீர்வை, தடை ஆகிய செய்திகளும் மீனவன் ஒப்பமிடும் ஒவ்வோர் ஆவணமும் தமிழில் இருக்க வேண்டும். படிக்க முடியாத தாளில் இடும் கையொப்பம் ஒப்புதலாகாது. மூன்று: சென்னைப் பெருநகர் இவ்வூரினின்று சில மணித் தொலைவில் இருக்கின்றது. உள்நாட்டுச் சந்தை வலுத்தால் அயல்நாட்டுத் தீர்வை அச்சுறுத்தாது. நான்கு: பாட்டு முறையும் முகத்துவாரமும் காக்கப்பட வேண்டும். ஊர் ஒழுங்கு குலைந்தால் ஏரி போகும். ஏரி போனால் விலையைப் பற்றிப் பேச ஒன்றுமிராது.

நெசவாளர்க்கு நேர்ந்தது வலைஞர்க்கு நேரலாகாது. துணியின் பெயரில் ஊர் வாழ்கின்றது. நெய்த குடி மறைந்தது. நாளை எந்நாட்டு உணவகத்திலோ பழவேற்காட்டு நண்டு என்னும் பெயர் மட்டும் எஞ்சி, ஏரிக்கரையில் வலை உலர்த்த ஆளில்லாமற் போனால், அது வணிக வளர்ச்சி ஆகாது. ஏரி நம்முடையது. துலாக்கோலையும் நம்முடையதாக்குவோம்!